கேம் வாங்கும் முன் கடையைப் பார்: அக்காவின் 10 டிப்ஸ்

போன பொங்கலுக்கு என் தம்பி ஊருக்கு வரவில்லை. கோவையில் ப்ராஜெக்ட் வேலை. "பரவால்லக்கா, ராத்திரி கேம்ல சந்திப்போம்" என்றான். திருநெல்வேலியில் நான் லேப்டாப்பைத் திறந்தேன், அங்கே அவன் திறந்தான். இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே கேம்தான். நான் ஒரு கடையில் வாங்கியிருந்தேன். அவன் நூறு ரூபாய் குறைவு என்று இன்னொரு கடையில் வாங்கியிருந்தான். நான் ரூம் போட்டேன். அவன் பக்கம் அந்த ரூம் தெரியவே இல்லை.

"அப்டேட் பண்ணியாடா?"

"பண்ணிட்டேன்க்கா. லேட்டஸ்ட்னுதான் காட்டுது."

"எனக்கும் லேட்டஸ்ட்னுதான் காட்டுது."

ரவுட்டரை அணைத்துப் போட்டோம். ஃபயர்வாலைத் திட்டினோம். முக்கால் மணி நேரம் போனபிறகுதான் மெனு திரையின் கீழ் மூலையில், எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் ஓர் எண் இருப்பதைப் பார்த்தேன். என்னுடையது 4-இல் முடிந்தது, அவனுடையது 2-இல். எந்தக் கடையும் பொய் சொல்லவில்லை. அந்தந்தக் கடைக்கு வந்து சேர்ந்ததில் அதுதான் லேட்டஸ்ட்.

இது எப்படி நடக்கிறது என்று கேட்கிறாயா? நம் வீட்டுக்கு வரும் செய்தித்தாளை நினைத்துப் பார். ஒரே பேப்பர், ஒரே தேதி. ஆனால் தூரத்து ஊருக்குப் போகிற பதிப்பை முன்னிரவிலேயே அச்சடித்து வேனில் ஏற்றிவிடுவார்கள். நள்ளிரவில் முடிந்த கிரிக்கெட் மேட்சின் ஸ்கோர் நகரப் பதிப்பில் இருக்கும், நமக்கு வருவதில் இருக்காது. கேமும் அப்படித்தான். தயாரித்தவர்கள் ஸ்டீமுக்கு ஒரு பொதி, ஜிஓஜிக்கு ஒரு பொதி, எபிக்குக்கு ஒரு பொதி, மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு ஒரு பொதி என்று தனித்தனியாகக் கட்டி ஏற்றவேண்டும். நண்பர் பட்டியல், ரூம் போடும் வசதி, கிளவுட் சேவ், அச்சீவ்மென்ட் எல்லாம் பெரும்பாலும் அந்தந்தக் கடை தருகிற வசதிகள். கடைக்குக் கடை அவற்றை மாற்றி இணைக்கவேண்டும். கூட்டம் அதிகமுள்ள கடைக்கு முதலில் ஏற்றுவார்கள். மற்றவற்றுக்கு நாளைக்கு, அடுத்த வாரம், சில சமயம் வராமலே போய்விடும்.

ஆகவே விலையைப் பார்க்கும் அதே கண்ணால் கடையையும் பார். நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. விலையைப் பார்க்கும் முன் மூன்று கேள்வி

யாருடன் விளையாடப் போகிறாய்? மாட், அதாவது ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள், போடுவாயா? பத்து வருடம் கழித்தும் இந்த கேம் உன்னிடம் இருக்கவேண்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் கடைகள் தானாகக் கழிந்துவிடும். மிச்சமிருக்கும் கடைகளில் எங்கே மலிவோ அங்கே வாங்கு. தனியாக, மாட் இல்லாமல், ஒரு தடவை விளையாடி முடித்துவிடப் போகிறாயா? அப்படியானால் எந்தக் கடையாக இருந்தாலும் கவலையில்லை. கீழே சொல்வதில் பாதி உனக்குத் தேவைப்படாது.

2. வெர்ஷன் எண்ணைப் படிக்கப் பழகு

"லேட்டஸ்ட்" என்ற சொல்லை நம்பாதே, எண்ணை நம்பு. பெரும்பாலான கேம்களில் அது மெயின் மெனுவின் ஓரத்தில் இருக்கும். இல்லாவிட்டால் செட்டிங்ஸ் அல்லது கிரெடிட்ஸ் பக்கத்தில் தேடு. அங்கும் கிடைக்காவிட்டால் கேம் ஃபோல்டரில் உள்ள இஎக்ஸ்இ கோப்பை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பகுதியைப் பார்.

கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணையும் விடாமல் படி. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனை எடுத்துக்கொள். 2024-இல் ஸ்டீமில் இருந்தது 1.6.1170, ஜிஓஜியில் இருந்தது 1.6.1179. கண்ணுக்கு இரண்டும் ஒரே கேம்தான். ஆனால் எஸ்கேஎஸ்இ என்கிற மாட் கருவியைச் செய்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கானதை மற்றொன்றில் போட்டால் வேலை செய்யாது.

3. நண்பன் எந்தக் கடையில் இருக்கிறான் என்று கேள்

சேர்ந்து விளையாடத்தான் வாங்குகிறாய் என்றால் நண்பனின் கடைதான் உன் கடை. "கிராஸ்ப்ளே உண்டு" என்று எழுதியிருந்தாலும் எந்தெந்தக் கடைக்கு இடையில் என்று படித்துப் பார்.

2018 ஜூலையில் நோ மேன்ஸ் ஸ்கை கேமுக்கு நெக்ஸ்ட் என்ற பெரிய அப்டேட் வந்தது. எல்லாரும் காத்திருந்த மல்டிப்ளேயர் அதில்தான் வந்தது. ஸ்டீமில் வாங்கியவர்கள் அன்றே கூடி விளையாடினார்கள். ஜிஓஜியில் வாங்கியவர்களுக்கு அப்டேட்டின் மற்ற அம்சங்கள் வந்தன, மல்டிப்ளேயர் மட்டும் வரவில்லை. கேட்டவர்களுக்கு ஜிஓஜி பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஆட்டம் ஒன்றாக இருந்தாலும் ஆடும் வசதி கடைக்குக் கடை மாறலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரும் போனும் கலந்தால் இடைவெளி இன்னும் பெரிது. ஸ்டார்டியூ வேலியின் 1.6 அப்டேட் கம்ப்யூட்டருக்கு 2024 மார்ச் 19-இல் வந்தது. கன்சோலுக்கும் போனுக்கும் வந்தது நவம்பர் 4-இல். ஏழரை மாதம்! தை மாதம் விதைத்தவன் அறுத்து முடித்து அடுத்த போகத்துக்கு உழுதிருப்பான்.

மைன்கிராஃப்ட் கேட்கிற சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதையும் குறித்துக்கொள். ஜாவா எடிஷன் வேறு, பெட்ராக் எடிஷன் வேறு. ஒன்றில் இருப்பவன் மற்றொன்றில் இருப்பவனின் உலகத்துக்குள் நேரடியாக நுழைய முடியாது. போனிலும் கன்சோலிலும் இருப்பது பெட்ராக். கம்ப்யூட்டருக்கு வாங்கினால் 2022 ஜூன் முதல் இரண்டையும் சேர்த்தே தருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் போனில் விளையாடுகிறான் என்றால் உன் கம்ப்யூட்டரில் பெட்ராக்கைத் திற. அவ்வளவுதான்.

4. மாட் போடுவதாக இருந்தால் மாட்காரர்கள் சொல்வதைக் கேள்

கடையின் விளம்பரப் பக்கத்தைவிட மாட் பக்கத்தில் உள்ள "தேவையானவை" பட்டியல் உனக்கு அதிகம் சொல்லும். எந்த வெர்ஷன், எந்தக் கடை என்று அங்கே தெளிவாக எழுதியிருப்பார்கள். மேலே சொன்ன எஸ்கேஎஸ்இ, மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தா வழியாக வரும் ஸ்கைரிமில் இயங்காது. அதைச் செய்கிறவர்களே அப்படி அறிவித்திருக்கிறார்கள். அந்த ஒரு கருவி இல்லையென்றால் அதை நம்பியிருக்கும் நூற்றுக்கணக்கான மாட்களும் இல்லை.

ஸ்டீம் வொர்க்‌ஷாப் என்பது ஸ்டீமின் சொந்தக் கிடங்கு. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2015-இல் வந்தது முதல் அதற்கான கட்டடங்கள், சாலைகள், பஸ்கள் என்று ரசிகர்கள் செய்த பொருட்கள் அங்கேதான் குவிந்தன. 2020 டிசம்பரில் எபிக் அதே கேமை இலவசமாகக் கொடுத்தது. கேம் முழுசாகக் கிடைத்தது, ஆனால் அந்தக் கிடங்கின் சாவி கூடவே வரவில்லை. இலவசமாக வந்தால் தாராளமாக வாங்கி வைத்துக்கொள். அதை வைத்து யூடியூபில் பார்த்த ஊரைக் கட்டலாம் என்று மட்டும் கணக்குப் போடாதே.

5. ஆட்டோ அப்டேட்டை உன் கையில் வைத்துக்கொள்

2024 ஏப்ரல் 25-இல் ஃபால்அவுட் 4-க்குப் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. 2015-இல் வெளியான கேம் அது. எட்டு வருடத்துக்கும் மேலாக மாட்களை அடுக்கி வைத்திருந்தவர்கள் மறுநாள் காலையில் திறந்தால் பாதி வேலை செய்யவில்லை. மாட்களைத் தாங்கி நிற்கும் எஃப்4எஸ்இ கருவி பழைய வெர்ஷனுக்கானது. ஃபால்அவுட் லண்டன் என்று ஒரு தன்னார்வக் குழு பல வருடம் உழைத்து ஒரு முழு நகரத்தையே மாட்டாகச் செய்திருந்தது. ஏப்ரல் 23-இல் வெளியிடுவதாக இருந்தவர்கள் இந்த அப்டேட்டுக்காகத் தள்ளிப்போட்டு, ஜூலை 25-இல் ஜிஓஜியில் வெளியிட்டார்கள். ஸ்டீமில் வாங்கியவர்கள் கேமைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கவேண்டியிருந்தது. எபிக்கில் வாங்கியவர்களுக்கு அந்த மாட்டே கிடைக்கவில்லை.

இதைத் தடுக்கச் செய்யவேண்டியது ஒரு நிமிட வேலை:

• ஸ்டீம்: லைப்ரரியில் கேமை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் அப்டேட்ஸ். கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்யும்படி மாற்று. இங்கே ஒரு சங்கடம் உண்டு. ப்ளே பட்டனை அமுக்கினாலே அப்டேட் தொடங்கிவிடும். அப்டேட்டே வேண்டாம் என்ற வழி அங்கே இல்லை. மாட் கருவியின் சொந்த லாஞ்சர் வழியாகத் திறப்பதோ, ஆஃப்லைன் மோடில் திறப்பதோதான் தப்பும் வழி.

• ஜிஓஜி கேலக்ஸி: அந்த கேமின் மேனேஜ் இன்ஸ்டலேஷன், அதில் கான்ஃபிகர். ஆட்டோ அப்டேட் டிக்கை எடுத்துவிடு.

• எபிக்: லைப்ரரியில் கேமின் மூன்று புள்ளி, அதில் மேனேஜ். ஆட்டோ அப்டேட்டை அணை.

• போன்: ப்ளே ஸ்டோரில் கேமின் பக்கம், மேலே மூன்று புள்ளி. அங்கே உள்ள ஆட்டோ அப்டேட் டிக்கை எடு.

ஆன்லைனில் மட்டுமே ஓடும் கேமுக்கு இதைச் செய்யாதே. அங்கே எல்லாரும் ஒரே வெர்ஷனில் இருந்தால்தான் சர்வர் உள்ளே விடும்.

ஹாஸ்டலில் போன் ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இன்னொன்று. ஸ்டீம் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போனால் ஆட்டோ அப்டேட் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை நடக்கலாம் என்று நேரம் குறிக்கலாம். நாளைய செமினாருக்கு வைத்திருந்த டேட்டாவை ராத்திரியோடு ராத்திரியாக ஒரு அப்டேட் குடித்துவிட்டுப் போன பிறகு கற்றுக்கொண்டதாக என் தம்பி சொல்கிறான்.

6. பின்னால் திரும்பும் வழி எந்தக் கடையில் இருக்கிறது?

புது அப்டேட் சரியில்லை, பழையதே வேண்டும் என்று தோன்றினால் எளிதான கடை ஜிஓஜி. கேலக்ஸியில் அதே கான்ஃபிகர் பகுதியில் பழைய வெர்ஷன்களின் பட்டியல் வரும், தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்டீமில் அது கேம் செய்தவரின் மனசைப் பொறுத்தது. பிராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் என்று ஒரு பகுதி உண்டு. பீட்டா என்றால் புதியது என்று நினைப்போம். ஆனால் சிலர் பழைய வெர்ஷனையும் அங்கே வைத்திருப்பார்கள். ஸ்டார்டியூவின் 1.5.6 அப்படித்தான் பத்திரமாக இருக்கிறது. மைன்கிராஃப்ட் ஜாவா இதில் தாராளம். லாஞ்சரில் இன்ஸ்டலேஷன்ஸ் போய்ப் பல வருடத்துக்கு முந்தைய வெர்ஷனைக்கூட எடுக்கலாம்.

7. அப்டேட் கொடுக்கும், எடுத்துக்கொண்டும் போகும்

ஜிடிஏ 4 வந்தது 2008-இல். அதில் கார் ரேடியோவில் ஓடும் பாட்டுகளுக்குப் பத்து வருடத்துக்கு உரிமம் வாங்கியிருந்தார்கள். 2018 ஏப்ரலில் காலம் முடிந்ததும் ஒரு அப்டேட் வந்து பல பாட்டுகளைக் கழற்றிக்கொண்டு போனது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் இல்லை, முன்பே காசு கொடுத்து வாங்கியவர்களின் கம்ப்யூட்டரிலிருந்தும்தான். 2020-இல் கம்ப்ளீட் எடிஷன் என்று பெயர் மாற்றிக் கொடுத்தபோது மல்டிப்ளேயரே காணாமல் போயிருந்தது. பெயர் "முழுமை", உள்ளே ஓர் அறை பூட்டியாகிவிட்டது. பழைய கேமுக்குத் திடீரென்று அப்டேட் வந்தால் உடனே ஓகே கொடுக்காமல் என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பைப் படி.

8. டிஎல்சியும் கேமும் ஒரே கடையில்

கேமை ஒரு கடையில் வாங்கி, டிஎல்சி என்கிற கூடுதல் பகுதியை மலிவாக இருக்கிறதென்று இன்னொரு கடையில் வாங்கினால் பொதுவாக இரண்டும் ஒட்டாது. கூடுதல் கதையெல்லாம் சேர்ந்த விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடையைத் தேர்ந்தெடு. இலவசமாகக் கிடைத்த கேமுக்கு டிஎல்சி வாங்கப்போய், அடுத்த கடையில் எல்லாம் சேர்ந்த தொகுப்பின் விலையைத் தாண்டிச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமைத் திறக்கும் கீயைத் தனியாக வாங்கினாலும் இதே விதிதான். நீ கீயை எங்கே வாங்கினாய் என்பது பெரிதில்லை, அது எந்தக் கடையில் திறக்கும், எந்த நாட்டுக்கு என்று பார்.

9. சேவ் கோப்பை நீயே எடுத்து வை

ஒரு கடையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அச்சீவ்மென்ட் கூடவே வராது. சேவ் வரலாம், ஆனால் நீதான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மறுபடி ஸ்கைரிமையே பார். டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஸ்டீம்காரருக்கு "ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஜிஓஜிக்காரருக்கு அதே பெயர், கடைசியில் "ஜிஓஜி" என்று ஒரு சொல் கூடுதல். எண்பது மணி நேர ஆட்டம் அழிந்துவிட்டது என்று அழுவதற்கு முன்னால் பக்கத்து ஃபோல்டரைப் பார். அங்கேயே இருக்கும், அங்கிருந்து இங்கே காப்பி செய்தால் போதும்.

எடுத்துப்போகும் திசையும் முக்கியம். பழைய வெர்ஷனில் செய்த சேவ் கோப்பைப் புதியது பெரும்பாலும் திறக்கும். புதியதில் செய்ததைப் பழையது திறக்குமென்று நம்பாதே. அதனால் அப்டேட்டுக்கு முன்னால் சேவ் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து, தேதி போட்டு வை. கிளவுட் சேவ் இருக்கிறதே என்று சும்மா இருக்காதே. கெட்டுப்போன சேவ் கோப்பையும் அது அதே சிரத்தையோடு மேலே ஏற்றிவிடும்.

10. வைத்துக்கொள்ள வாங்கினால் இன்ஸ்டாலரையும் எடுத்துவிடு

கலிஃபோர்னியாவில் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது வாங்குகிறவருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று அது கடைகளைக் கேட்கிறது. அடுத்த மாதமே ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்தது. சட்டம் அங்கே, ஆனால் நம் கையில் இருப்பதும் அதே உரிமம்தான்.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி இந்த இடத்தில் வேறு மாதிரி. அங்கே வாங்கிய கேமுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தருவார்கள். உன் லைப்ரரியில் கேமைத் திறந்தால் ஒரு செட்டப் கோப்பு இருக்கும். பெரிய கேம் என்றால் கூடவே 4 ஜிபி வரையிலான துண்டுகளாகப் பல கோப்புகள் வரும். ஒரு துண்டு விட்டாலும் இன்ஸ்டால் ஆகாது, எண்ணிப் பார்த்து எடு. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஃபோல்டர் பெயரிலேயே வெர்ஷனை எழுது. புது இன்ஸ்டாலர் வந்தால் எடுத்துக்கொள், பழையதை அழிக்காதே.

தப்பாகிவிட்டால்?

தெரியாமல் வேறு கடையில் வாங்கிவிட்டாயா? நேரத்தைப் பார். ஸ்டீமிலும் எபிக்கிலும் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஜிஓஜி 30 நாள் வரை தருகிறது. அதனால் முதல் ஒன்றரை மணி நேரத்தைக் கதை பார்ப்பதில் கரைக்காதே. நண்பனோடு ரூம் போட்டுப் பார், வேண்டிய மாட்டைப் போட்டுப் பார், வெர்ஷன் எண்ணைப் பார். கத்தரிக்காயைக் கடையிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவோம் இல்லையா, அந்த வேலையை இங்கே வீட்டில் செய்கிறோம்.

எங்கள் பொங்கல் கதை எப்படி முடிந்தது என்கிறாயா? என் கேமுக்குப் பீட்டாஸ் பகுதியில் பழைய வெர்ஷன் ஒன்று இருந்தது. 2-இல் முடிகிற அதே எண். நான் இறங்கி அவன் இருக்கும் படிக்கு வந்தேன். ரூம் தெரிந்தது. இரவு ஒன்றரை மணிவரை விளையாடினோம். இறங்கும் முன் சேவ் ஃபோல்டரைக் காப்பி எடுக்க மறந்திருந்தேன். என் பழைய ஆட்டம் அந்த வெர்ஷனில் திறக்கவில்லை. அவனோடு புதிதாக ஒன்றைத் தொடங்கினேன். ஒன்பதாவது டிப்ஸை எழுதியது அந்தச் சூட்டில்தான்.